இடது காலுக்கு என்ன வேலை?



தெருவிலும் ஓட வேண்டும், டிராக் பந்தயத்திலும் ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஒரே காருக்கு ஏற்றது கையால் போடும் கியரா, தானாக விழும் கியரா? இதுதான் தலைப்பு. தானாக விழும் கியரே என்று பேச வந்திருக்கிறேன்.

தமிழ் வாத்தியாருக்கும் கியர் பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு எதிரணித் தலைவர் கேட்டாரு. சம்பந்தம் இருக்குங்க. நாங்க வகுப்பிலே வருஷா வருஷம் நடத்துறதே புணர்ச்சி விதிதான். நிலைமொழி என்று ஒன்று, வருமொழி என்று ஒன்று. இரண்டும் சேருகிற இடத்தில்தான் எல்லாப் பிரச்சினையும். காரிலும் அதேதான். இஞ்சின் நிலைமொழி, சக்கரம் வருமொழி. நடுவிலே இரண்டையும் சேர்த்து வைக்கிறது கிளட்ச்சும் கியரும். சரியாகச் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. சரியாகச் சேரவில்லை என்றால் 'கர்ர்ர்' என்று ஒற்று மிகும். (சிரிப்பு)

முதலில் டிராக் பந்தயம் என்றால் என்ன என்று அம்மாமார்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேறொன்றும் இல்லை, நம்ம ரேக்ளாதான். பொள்ளாச்சிப் பக்கம், உடுமலைப் பக்கம் பார்த்திருப்பீங்க. காங்கேயம் காளை இரண்டைப் பூட்டி, 200 மீட்டர், 300 மீட்டர் நேர்கோட்டில் ஒரே ஓட்டம். வளைவு கிடையாது, நெளிவு கிடையாது. கடிகாரம் சொல்கிற நேரம்தான் தீர்ப்பு. அதையே காரில் வைத்தால் டிராக். அமெரிக்காவில் கால் மைல் தூரம், நம் கணக்கில் 402 மீட்டர். அந்த ஊரிலே 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் அதற்கென்று ஒரு தேசிய சங்கமே தொடங்கினார், என்.எச்.ஆர்.ஏ. என்று. ஏன் தொடங்கினார்? பையன்கள் ராத்திரி நேரத்தில் ஊர்த்தெருவிலே பந்தயம் விட்டு உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தெருவிலிருந்து தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான். இதை மனசிலே வைச்சுக்குங்க, கடைசியிலே இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

கியர் எதற்கு? இஞ்சினுக்கு எல்லா வேகத்திலும் ஒரே பலம் கிடையாது. மெதுவாகச் சுற்றும்போது சோம்பேறி, ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு வந்தால்தான் வீரன். நிற்கிற வண்டியை நகர்த்துவதற்குப் பலம் வேண்டும், ஓடுகிற வண்டிக்கு வேகம் வேண்டும். கடப்பாரையை நினைச்சுப் பாருங்க. நீளமான கடப்பாரை போட்டு நெம்பினால் பெரிய பாறையும் அசையும், ஆனால் கை ஒரு முழம் இறங்கினால் பாறை ஒரு விரற்கடைதான் எழும்பும். முதல் கியர் அந்த நீளக் கடப்பாரை. டாப் கியர் குட்டைக் கடப்பாரை. வண்டி வேகம் எடுக்க எடுக்கக் கடப்பாரையை மாற்றிக்கொண்டே போக வேண்டும். யார் மாற்றுவது, நீங்களா, இயந்திரமா என்பதுதான் இன்றைய வழக்கு.

எதிரணியில் பேசிய நண்பர் உருக்கமாகப் பேசினார். "கியர் போடாதவன் டிரைவரா? ஜி.டி. நாயுடு ஓட்டின ஊருங்க இது" என்றார். கைதட்டலும் வாங்கினார். உண்மைதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கியவர் அவர். தானே ஓட்டினார். அந்தக் காலத்து கியர் பாக்ஸிலே சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது ஒன்றோடு ஒன்று சேரப் போகிற பல்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, சண்டையில்லாமல் சேர்த்து வைக்கிற ஏற்பாடு இல்லை. 1928-இல் காடிலாக் காரில்தான் அது வந்தது. அதற்கு முன்னால் ஓட்டியவர்கள் கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து, அடுத்த கியருக்குப் போக வேண்டும். பழைய லாரி டிரைவர்கள் டபுள் கிளட்ச் என்பார்கள். பெரிய வித்தை அது, நான் மறுக்கவே இல்லை.

ஆனால் நண்பர் நாயுடுவை எனக்கு எதிர்சாட்சியாகக் கூப்பிட்டதுதான் வேடிக்கை. மனிதன் கையால் செய்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கிறதையே வாழ்நாள் முழுக்கச் செய்தவர் அவர். சவரம் பண்ணுகிறதைக்கூடக் கையிலே விடாமல் மின்சார ரேஸர் செய்தவருங்க. தாடியை மோட்டாரிடம் ஒப்படைத்த மனுஷன் கியரை ஒப்படைக்க மாட்டாரா? (கைதட்டல்)

சரி, தானியங்கி கியர் எப்படி வேலை செய்கிறது? கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ரொம்பச் சிரமம் இல்லை. பம்புசெட்டு செய்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிற ஊர் இது. இரண்டு டேபிள் ஃபேனை எதிர் எதிரே வையுங்க. ஒன்றுக்கு மட்டும் சுவிட்சைப் போடுங்க. அது அனுப்புகிற காற்றிலே எதிரே இருக்கிறதும் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றுகிறதைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதல் ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், கெட்டுப்போகாது. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் அடைத்தால் அதுதான். இஞ்சின் பக்கம் இருப்பது பம்பு, கியர் பக்கம் இருப்பது டர்பைன். இரண்டுக்கும் நடுவிலே இரும்போடு இரும்பு உரசாது. ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மன் இஞ்சினியர் 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். காருக்காக அல்ல, கப்பலுக்காக.

இதிலே ஒரு சூட்சுமம் உண்டு. டர்பைனில் மோதித் திரும்பி வருகிற எண்ணெய் பம்பை எதிர்த்து அடிக்கும். நடுவிலே ஸ்டேட்டர் என்று ஒரு சின்ன சக்கரத்தை வைத்து, திரும்பி வருகிற எண்ணெயைத் திசைமாற்றி, பம்பு சுற்றுகிற பக்கத்துக்கே அனுப்பினார்கள். அப்போது எதிர்ப்பு உதவியாக மாறுகிறது. வண்டி நகர ஆரம்பிக்கிற அந்தக் கணத்தில் இஞ்சின் தருகிற முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை பெருகிச் சக்கரத்துக்குப் போகும். இதுக்குப் பேர் டார்க் கன்வெர்ட்டர். நண்பர்களே, கிளட்ச் பிளேட்டால் இதைச் செய்ய முடியாது. அது வாங்கினதைக் கொடுக்கும், அவ்வளவுதான். இது வட்டியோடு கொடுக்கும்.

அதற்குப் பின்னால் இருக்கிற பல்சக்கரங்கள் எப்படி இருக்கும் என்றால், நவக்கிரகம் மாதிரி இருக்கும். நடுவிலே சூரியன், சுற்றிலும் கிரகங்கள். இஞ்சினியர்களும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நடுச்சக்கரம் சூரியச் சக்கரம், சுற்றி வருபவை கிரகச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். கோயிலிலே நவக்கிரகம் ஒன்றை ஒன்று பார்க்காது. இங்கே எல்லாம் எப்போதும் பல்லோடு பல் சேர்ந்தே இருக்கும். சூரியனைப் பிடித்து நிறுத்தினால் ஒரு கியர், வளையத்தை நிறுத்தினால் இன்னொரு கியர். யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பதை எண்ணெய் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். இக்காலத்துக் காரில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல், 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் காருக்காக வெளியிட்டது. ஹைட்ரா மேட்டிக் என்று பெயர், நான்கு கியர். அதிலே ஸ்டேட்டர் கிடையாது, வெறும் பம்பும் டர்பைனும்தான். கன்வெர்ட்டர் ப்யூக் காரில் 1948-இல் வந்தது. "இதெல்லாம் கை வலிக்கிற சீமாட்டிகளுக்கான வண்டி" என்று கேலி பண்ணுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்த ஹைட்ரா மேட்டிக்கை இரண்டாம் உலகப் போரிலே எம்5 என்ற டேங்கில் பொருத்தி யுத்தத்துக்கு அனுப்பினார்கள். குண்டுக்கு நடுவே ஓட்டுகிறவனுக்குக் கியர் போடுவதைவிட முக்கியமான வேலை இருக்குமல்லவா?

இதைத்தான் நம் இதிகாசமும் சொல்கிறது. அர்ஜுனனுக்குத் தேர் ஓட்டத் தெரியாதா? தெரியும். ஆனால் குருக்ஷேத்திரத்திலே கடிவாளத்தை யாரிடம் கொடுத்தான்? கண்ணனிடம். தான் வில்லை மட்டும் பார்த்தான். எதிரணி அம்மையார் நளனைக் கொண்டுவந்தார்கள். இருதுபன்னன் தேரிலே போகிறபோது மேலாடை விழுந்தது, எடுக்கச் சொல்வதற்குள் தேர் வெகுதூரம் போய்விட்டது, அதுவல்லவா ஓட்டுகிறவன் திறமை என்றார்கள். அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. அந்தத் தேரிலே ஜெயிக்க வேண்டிய அவசரம் யாருக்கு? இருதுபன்னனுக்கு. அவன் குதிரையைத் தொட்டானா? தொடவில்லை. பின்னால் உட்கார்ந்துகொண்டு போகிற இடத்தைச் சொன்னான், மிச்சத்தை நளன் பார்த்துக்கொண்டான். இருதுபன்னனைப் பொறுத்தவரைக்கும் அது ஆட்டோமேட்டிக் வண்டிதானே அம்மா? (சிரிப்பு, கைதட்டல்)

இனி பந்தயத்தளத்துக்குப் போவோம். ஒருவர் கிளட்ச்சை மிதித்து, கம்பியை இழுத்து, விட்டு, மறுபடி முடுக்க அரை வினாடி ஆகிறது என்று வையுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் போகும். அரை வினாடிக்கு 14 மீட்டர். அந்த 14 மீட்டரும் இஞ்சின் தள்ளாமல், முன்னே போன வேகத்திலேயே உருண்டுபோன 14 மீட்டர். 402 மீட்டருக்குள் மூன்று தடவை மாற்ற வேண்டும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தானியங்கியில் ஒரு கியர் விடுகிறபோதே அடுத்தது பிடித்துக்கொள்ளும். தள்ளுவது நிற்பதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் புறப்பாடு. ரேக்ளாவிலே கயிற்றை விட்ட முதல் நான்கு எட்டு எப்படி முக்கியமோ அப்படி. கிளட்ச்சைக் கொஞ்சம் வேகமாக விட்டால் டயர் நின்ற இடத்திலேயே புகைந்து சுற்றும். கொஞ்சம் மெதுவாக விட்டால் பிளேட் கருகும், இஞ்சின் அமுங்கும். அதோடு திடீரென்று பிடிக்கிறபோது விழுகிற அடியிலே ஆக்ஸில் முறியும், கியர்ப் பல் போகும். கன்வெர்ட்டரில் எண்ணெய்தான் மெத்தை. பந்தயக்காரர்கள் டிரான்ஸ் பிரேக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடிக்க வைத்து வண்டியைப் பூட்டிவிடுவது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி நிற்பார்கள், பச்சை விளக்குக்குப் பொத்தானை விட்டால் ரிவர்ஸ் விலகும், வண்டி பாயும். இடது காலுக்கு வேலையே இல்லை.

வேகத்தைவிடவும் முக்கியமான ஒன்று இருக்கு. சாதாரண ஆட்கள் தங்கள் தெரு வண்டியைக் கொண்டுபோய் ஓட்டுகிற டிராக் பிரிவுக்கு பிராக்கெட் பந்தயம் என்று பெயர். அதிலே நீங்களே உங்கள் வண்டி எத்தனை வினாடியில் போகும் என்று கண்ணாடியில் எழுதி ஒட்ட வேண்டும். மெதுவான வண்டியை முன்னாலே விடுவார்கள், வேகமானதைப் பின்னாலே விடுவார்கள். எழுதினதைவிட வேகமாகப் போனாலும் தோல்வி! அப்போது ஜெயிப்பது யார்? காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி ஓடுகிறவன். மனிதக் கைக்கு ஒரு தடவை போல இன்னொரு தடவை வராது. இயந்திரத்துக்கு வரும். அதனால்தான் அமெரிக்காவிலே 1950-இல் செவர்லே கம்பெனி குடும்ப வண்டிகளுக்காகக் கொண்டுவந்த பவர் கிளைட் என்ற பெட்டி, வெறும் இரண்டே கியர், காரில் வருவது 1973-இல் நின்றும் டிராக் தளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாட்டிமார் கடைக்கு ஓட்டிப்போன கியர் பாக்ஸ், பேரன்கள் பந்தயத்தில் ஓட்டுகிறார்கள். டாட்ஜ் கம்பெனி 2018-க்கு டீமன் என்று ஒரு கார் விட்டது. 840 குதிரைச் சக்தி, கால் மைலை 9.65 வினாடியில் கடந்தது. கம்பெனியே டிரான்ஸ் பிரேக் வைத்துக் கொடுத்தது. அதிலே எட்டு கியர் தானியங்கி மட்டும்தான். கையால் போடுகிறது வேண்டும் என்று கேட்டாலும் கிடையாது.

எதிரணிக்கு ஒரு சலுகை தருகிறேன். புரோ ஸ்டாக் என்ற பிரிவிலே இன்னமும் கிளட்ச்சும் ஐந்து கியரும் உண்டு. ஆனால் அங்கேயும் கிளட்ச் மிதிப்பது புறப்படும்போது மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே டாப் ஃப்யூயல் என்ற ராட்சசன் இருக்கிறான். 11,000 குதிரைச் சக்திக்கு மேல், மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும். அதற்குக் கியர் பாக்ஸே கிடையாது! அடுக்கடுக்கான கிளட்ச் தகடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியே முடித்துவிடுகிறார்கள். அந்தப் பந்தயம் 2008-இல் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் இறந்த பிறகு கால் மைலில் இருந்து 1000 அடியாகக் குறைக்கப்பட்டது. வேகம் என்பது விளையாட்டு இல்லீங்க.

"நம்மூர் நரேன் கார்த்திகேயன் கியர் போடாமலா ஃபார்முலா ஒன் வரைக்கும் போனாரு" என்றார் இளைய நண்பர். நல்ல கேள்வி. எஸ். கரிவரதன் என்ற மனிதர், இந்த ஊர்க்காரர், 1988 வாக்கில் மாருதி 800 இஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை வடிவமைத்தார். எளிய விலையிலே நம் பிள்ளைகள் பந்தயம் பழகட்டும் என்று. நரேன் அதிலேதான் தொடங்கினார். அங்கே கியர் கையால்தான். ஆனால் 2005-இல் ஜோர்டன் அணிக்காக அமெரிக்க கிராண்ட் பிரியில் நான்காவதாக வந்தாரே, அந்தக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னாலே இருக்கிற துடுப்பு மாதிரியான விசையை விரலால் தட்டினால் கியரை இயந்திரம் மாற்றும். 1989-இல் ஃபெராரி அந்த முறையைக் கொண்டுவந்து, முதல் பந்தயத்திலேயே நைஜல் மேன்செல் பிரேசிலில் ஜெயித்தார். பிறகு விரல்கூடத் தட்ட வேண்டாம், முழுக்கத் தானாக மாறட்டும் என்று அணிகள் போனதும் 2004-இல் தடை போட்டார்கள். ஏன் தடை? மெதுவாக இருந்ததனாலா? ஓட்டுகிறவனுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது என்பதனாலே. தடை போடுகிற அளவுக்கு நன்றாக இருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அட, தளம் போதுமுங்க. வாரத்துக்கு ஆறு நாள் வண்டி தெருவிலேதானே ஓடுது. கணபதியிலே லேத் பட்டறை வைத்திருக்கிற என் நண்பர் வீட்டிலே இந்தப் பட்டிமன்றம் போன வருஷமே நடந்துவிட்டது. மகன் இஞ்சினியரிங் முடித்தவன். ஒரே கார்தான் வாங்க முடியும். ஞாயிற்றுக்கிழமை தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும், மற்ற நாளிலே அம்மா அதிலேதான் ஆபீஸ் போக வேண்டும். அப்பா கையால் போடும் கியர்தான் என்று பிடிவாதம். "நாப்பது வருஷமா இரும்பு கடையறவன், என்ற காலுக்குக் கிளட்ச் தெரியும்" என்கிறார். மகன் தானியங்கி என்கிறான். இரண்டு பேரும் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவிடம் யாருமே கேட்கவில்லை. அவருக்கு இடது முழங்கால் தேய்மானம். காந்திபுரம் சிக்னலிலே, மேம்பாலம் 2017-இல் வந்த பிறகும், கீழே கிராஸ்கட் ரோடு திரும்புகிறதற்குள் கிளட்ச்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு நாள் எண்ணியிருக்கிறார். அறுபத்து மூணாம். "அறுபத்து மூவர் எண்ணிக்கைங்க, அதுக்கு மேலே எண்ண மனசு வரல" என்றார் என்னிடம். தாய்மார்களே, தலைப்பிலே "தெரு" என்ற சொல் இருக்கிறதே, அது இந்த அம்மாதான்.

ஆனால் கடையிலே போய் "தானியங்கி கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிடாதீங்க. அந்தப் பெயரிலே நாலு ஜாதி இருக்கு. பந்தயத்துக்கு எல்லாம் ஆகாது. மாருதி 2014-இல் செலேரியோவில் கொண்டுவந்தது ஏ.எம்.டி. அது கையால் போடுகிற அதே கியர் பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிக்கவும் கம்பியை நகர்த்தவும் ஒரு இயந்திரக் கையை வைத்திருக்கிறார்கள். விலை குறைவு, மைலேஜ் நன்று, அம்மாவின் முழங்காலுக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு கியருக்கும் இடையே தலையை ஆட்டி யோசிக்கும். தளத்துக்கு ஆகாது. அடுத்தது சி.வி.டி. நீங்க ஸ்கூட்டரிலே தினமும் ஓட்டுறீங்களே, அதே தத்துவம். இரண்டு கப்பி, நடுவிலே ஒரு பெல்ட். கப்பி அகலமாகிக் குறுகி விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும். வெண்ணெய் மாதிரி போகும், ஆனால் நின்ற இடத்திலிருந்து முழுப் பலத்தோடு திரும்பத் திரும்பப் பாய்ச்சினால் பெல்ட்டுக்கு நல்லதில்லை. மூன்றாவது இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. டவுன் பஸ் ஸ்டாண்டிலே ஒரு பஸ் கிளம்பும்போதே அடுத்தது இஞ்சினை உறுமிக்கொண்டு பின்னால் நிற்குமே, அப்படி. 2003-இல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் கடைக்கு வந்தது. நேர்கோட்டிலே பிரமாதம். ஆனால் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் உள்ள வகை நெரிசலில் ஊர்ந்தால் சூடேறும். நாலாவது நான் சொன்ன கன்வெர்ட்டர். தெருவுக்கும் தளத்துக்கும் ஒரே வண்டி என்றால் நான் கை காட்டுவது இதைத்தான்.

அதிலும் ஒரு பொறி இருக்கு. ஸ்டால் வேகம் என்று ஒரு கணக்கு உண்டு. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முடுக்கினால் இஞ்சின் எத்தனை சுற்று வரை ஏறும் என்பது. பந்தயத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர்கள் அதை உயர்வாக வைத்துக்கொள்வார்கள், பலம் இருக்கிற சுற்றிலேயே புறப்படலாம் என்று. அதே வண்டியிலே மருதமலைக்குப் போய்ப் பாருங்க. இஞ்சின் கத்தும், வண்டி நகராது, எண்ணெய் கொதிக்கும், பெட்ரோல் கரையும். ஆகவே இரட்டை வாழ்க்கை வாழும் வண்டிக்கு ஸ்டால் நடுத்தரமாக இருக்கணும். நெடுஞ்சாலை வேகத்திலே பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டுகிற லாக்கப் கிளட்ச் இருக்கணும், அப்போதுதான் வழுக்கலில் வீணாகாது. எண்ணெயைக் குளிரவைக்கத் தனியாக ஒரு கூலர் போடணும். தானியங்கியைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். எண்ணெய் கறுத்துக் கருகல் வாசம் அடித்தால் உள்ளே தகடு எரிகிறது என்று பொருள். கையால் போடுகிற வண்டியிலே கிளட்ச் பிளேட் போனால் எந்தப் பட்டறையிலும் மாற்றிக்கொடுப்பார்கள். இது போனால் செலவு கையைக் கடிக்கும். இதை மறைத்து நான் வாதாட விரும்பவில்லை.

இன்னொன்றும் மறைக்க மாட்டேன். பேட்டரி செத்துப்போனால் தானியங்கியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. மலையிறக்கம் அதைவிட முக்கியம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது சந்தோஷம். இறங்கும்போது வண்டியை டி-யிலே போட்டுவிட்டு பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறார்கள் பாருங்க, அவர்களைக் கண்டால் எனக்கு அடிவயிறு கலங்கும். டி-யிலே விட்டால் பெட்டி தனக்குத் தோன்றிய உயர்ந்த கியருக்குப் போய்விடலாம், இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, பிரேக் சூடேறிக் கைவிடும். அதற்காகத்தான் எல் என்றும் 2 என்றும் எம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். மலையிறக்கத்திலே அதற்கு மாற்றுங்க. ஏறின கியரிலேயே இறங்கணும் என்று நம்ம ஊர் லாரி டிரைவர் சொல்லுவாரே, அது தானியங்கிக்கும் பொருந்தும். அப்போது மட்டும் கையிலே வேலை வைத்துக்கொள்ளுங்க.

"மின்சாரக் கார் வந்துட்டுது, அதிலே கியரே இல்லை, உங்க ரெண்டு கட்சியும் காலாவதி" என்று முன்வரிசையிலே ஒரு தம்பி சத்தம் போடுகிறார். வாஸ்தவம் கண்ணு. பெரும்பாலானவற்றிலே ஒரே ஒரு விகிதம்தான். ஆனால் அதிலேயும் இடது காலுக்கு வேலை இல்லை. அப்ப நீ என் கட்சி! (சிரிப்பு)

முதலில் ஒன்று திரும்பி வருவேன் என்றேன். வாலி பார்க்ஸ் பையன்களைத் தெருவிலிருந்து கூட்டிப்போனாரே, அந்தத் தெரு இன்னும் இங்கே இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவிநாசி ரோட்டிலே எழும்புகிற சத்தம் உங்க வீட்டுக்கும் கேட்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 189-ஆம் பிரிவு, அரசின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் விடக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை, 10,000 வரை. 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதையும் தடுக்கிறது. ஆகவே பழைய கார் வாங்கி கியர் பாக்ஸைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம் என்று நினைக்கிற தம்பிகள், தளத்துக்கு மட்டும் என்று டிரெய்லரில் ஏற்றிப் போவதானால் செய்யுங்க. பதிவெண்ணோடு தெருவிலும் ஓட வேண்டும் என்றால், கம்பெனியே தானியங்கியாகக் கொடுத்த வண்டியாகப் பார்த்து வாங்குங்க. செட்டிபாளையத்திலே 2.1 கிலோமீட்டர் மூடிய தளம் இருக்கு. 1995-இல் சிறுவிமான விபத்திலே காலமான கரிவரதன் பெயரிலே 2003-இல் திறந்தார்கள். ஓட்டுகிற ஆசை இருந்தால் அப்படிப்பட்ட இடத்திலே, ஹெல்மெட்டோடு, ஆம்புலன்ஸ் நிற்கும்போது ஓட்டு.

கணபதி நண்பர் வீட்டிலே என்ன ஆச்சு என்று கேட்கிறீங்க. கன்வெர்ட்டர் வண்டியாகப் பார்த்து, ஏழு வருஷம் ஓடினது, மகனும் அம்மாவும் போய் வாங்கி வந்தார்கள். அப்பா இரண்டு மாசம் தொடவில்லை. ஒரு நாள் மழையிலே வேறு வண்டி இல்லாமல் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். பாதி வழியிலே இடது கால் பழக்கத்திலே கிளட்ச் என்று நினைத்து அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை. புதிதாக மாறுகிறவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது, முதல் ஒரு வாரம் இடது காலைச் சீட்டுக்கு அடியிலே இழுத்து மடக்கி வைத்துக்கொள்ளுங்க, ஒரே வலது காலாலே இரண்டு பெடலையும் ஓட்டிப் பழகுங்க, காலி மைதானத்திலே...

மணி அடிச்சிட்டாருங்க நடுவர். அவரும் தானியங்கிதான் போலிருக்கு.